ஏழாவது கிலோமீட்டர்

ஏழு கிலோமீட்டர் ஓடும். அப்புறம் திக்கித் திக்கி நின்றுவிடும். அதுதான் இந்த வண்டியின் கோளாறு. இப்போது இல்லை. இருந்தாலும் வாங்க வந்தவரிடம் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்து, கிழவன் தலையில் கட்டிவிட்டான் என்று பேசக் கூடாது.

கிக்கரில் கால் வைக்காதீர்கள் தம்பி. அப்புறம் உதைக்கலாம். உட்காருங்கள். அந்தக் கல்லில் இல்லை, இந்தப் பக்கம். எனக்கு வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் உரக்கச் சொன்னால் விழும். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கம்பெனி ஷெட்டில் இருந்தவன். டீசல் இன்ஜினைத் தலையிலிருந்து கால்வரை பிரித்துப் போட்டு மாட்டுவேன். ஒரு நட்டு மிஞ்சாது. அப்படிப்பட்டவன் கையில் இந்தத் துக்கடா ஸ்கூட்டர் மூன்று மாதம் விளையாடியது.

என் சம்சாரத்துக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. போன தையில் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி. இங்கிருந்து பதினேழு கிலோமீட்டர். செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணிக்கு மிஷினில் போட்டால் பதினொரு மணிக்கு எடுப்பார்கள். பதினொன்றரைக்கு அதே மிஷினில் அடுத்த ஆள். எட்டு மணிக்குப் போனால் மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். ஒன்பது மணிக்குப் போனால் இரண்டு. நமக்கெல்லாம் உடம்புக் கழிவு தானாகப் போகிறது. அவளுக்கு அந்த நாலு மணி நேரம்தான்.

முதல் பஸ் இங்கே வர ஏழேகால் ஆகிவிடும். அதனால் வண்டி. ஆறு மணிக்குக் கிளம்பினால் ஆறேமுக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசல். முதல் வாரம் அப்படித்தான் போனோம். இரண்டாவது வாரம் ஆரம்பித்தது.

கல்குவாரிக்குப் பாதை பிரிகிற விலக்கில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். ஜெசிந்தா என்று ஒரு பொம்பளை வைத்திருக்கிறாள். புருஷன் செத்த பிறகு அவளே ஒட்டுகிறாள். வண்டி சரியாக அந்தக் கடை வாசலில் வந்து திக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக இருமும். நிற்கும்.

“இறங்கு.”

“மறுபடியுமாங்க?”

“இறங்குன்னா இறங்கு.”

இறங்குவாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருக்கும். நான் சீட்டைத் தூக்குவேன். டேங்க் இதில் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, பாருங்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். பெட்ரோல் இருக்கும். வண்டியைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டுவேன், அடியில் குப்பை கிப்பை இருந்தால் விலகட்டும் என்று. மூடியைப் போட்டு, ப்ளக்கைக் கழற்றி, துடைத்து, மாட்டி, உதைத்தால் பிடித்துக்கொள்ளும். மறுபடி ஏழு கிலோமீட்டர் ஓடும். மறுபடி நிற்கும். மறுபடி “இறங்கு.”

ஒவ்வொரு தடவையும் அரைமணி. இரண்டு தடவை நின்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஜெசிந்தா முதல் நாளே எழுந்து வந்தாள். கையில் டயர் லீவரோடு.

“அண்ணே, நான் ஒரு தடவ பாக்கட்டுமா?”

“பஞ்சரா ஆயிருக்கு?”

“இல்லண்ணே.”

“அப்ப உனக்கு என்ன வேலை?”

“அதுவுஞ் சரிதான். ரெண்டு டயரும் கல்லு மாதிரி இருக்கு. அதுக்கு மேல உக்காந்து ஓட்டுறதுலதான் ஏதோ கோளாறு.”

இவள், என் சம்சாரம், சிரித்துவிட்டாள். முகம் ஊதிக் கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது, அதிலும் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் வண்டி நின்றால் இவள் நேரே போய் அவள் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். இரண்டு பேரும் ஏதோ பேசுவார்கள். எனக்கு எங்கே விழுகிறது?

நான் சும்மா இருக்கவில்லை தம்பி. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ப்ளக் புதிது போட்டேன். கார்பரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு ஊதினேன். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. ஏர் ஃபில்டரைக் கழுவினேன். சைலன்சரைக் கழற்றி நெருப்பில் போட்டுக் கரியைத் தட்டினேன். பெட்ரோல் ட்யூபை மாற்றினேன். காயிலை மாற்றினேன். நீங்கள் வாங்குகிற வண்டியில் பழசு என்று பாடியும் இன்ஜினும்தான்.

அப்புறம் பெட்ரோல் மேல் சந்தேகம் வந்தது. ஏன் என்று கேளுங்கள். டேங்க் நிறையப் போட்ட அன்றைக்கு நாலாவது கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டது. கொஞ்சமாகப் போட்ட அன்றைக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடியது. நிறையப் போட்டால் சீக்கிரம் நிற்கிறது, குறைத்துப் போட்டால் தாமதமாக நிற்கிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? பெட்ரோலில் கலப்படம். வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? நேரே பங்க்குக்குப் போய்ச் சத்தம் போட்டேன். ஒரு வெள்ளைப் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினேன்.

அங்கே பெட்ரோல் போடுகிறவன் சொல்கிறான், “பெருசு, ஒரு நாளைக்கு முந்நூறு வண்டி வருது. எல்லாம் நல்லாத்தான் ஓடுது. உங்க வண்டி மட்டும் கோவிச்சுக்குதுன்னா வீட்டுல என்ன தகராறோ?”

வேறு பங்க் மாற்றினேன். அங்கேயும் அதே கதை. எல்லாம் ஒரே லாரியில் வருகிற சரக்குதானே என்று நினைத்தேன்.

ஒருநாள் இவள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். நான் மூடியைத் திறந்துகொண்டிருக்கிறேன்.

“மூடியத் திறக்கும்போது உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுங்க.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“உங்களுக்கு எது கேட்டுச்சு?”

“என்ன சொன்ன?”

“வண்டி மூச்ச இழுக்குதுங்க. ஒவ்வொரு தடவையும் இழுக்குது. திறந்ததும் இழுத்துட்டு, அப்புறம் ஓடுது.”

“நீ இழுக்கிற மூச்சப் பாரு மொதல்ல. சீக்காளி காதுல எல்லாம் அப்படித்தான் விழும். போய் உக்காரு.”

போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. வேலை செய்கிறவன் பக்கத்தில் நின்று பேசினால் வேலை நடக்காது தம்பி. ஷெட்டில் மேனேஜரையே தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

அவள் தம்பி பாலகுரு, என் மச்சினன், நாலு கிலோமீட்டரில் இருக்கிறான். கார் வைத்திருக்கிறான். ஒருநாள் வந்து, காலில் செருப்போடு வாசலிலேயே நின்று கேட்டான்.

“மாமா, காலையில எனக்கு ஒரு சோலியும் இல்ல. அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன்.”

“ஏன், என் வண்டிக்கு என்ன கேடு?”

“வண்டிக்குத்தான் கேடுன்னு ஊரே சொல்லுது மாமா. ரோட்டுல அக்கா நிக்கிறத நாலு பேரு பாத்துட்டு வந்து என்கிட்ட சொல்றாங்க. எனக்கு நல்லாவா இருக்கு?”

“அப்ப உன் கௌரவத்துக்காக வந்திருக்க.”

அவன் அக்காவைப் பார்த்தான். இவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். போகிறேன் என்று சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். சொல்லவில்லையே. நானாக எப்படி அனுப்புவது? கட்டிக்கொண்டு வந்த பொம்பளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வக்கில்லை என்று ஆகிவிடாதா? அவன் அதற்கப்புறம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. அதைச் சொல்லாமல் முடியாது.

அன்றைக்கும் அதே இடத்தில் நின்றது. அன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று துண்டை விரித்து, கார்பரேட்டரை அங்கேயே பிரித்தேன். ரோட்டோரம். ஜெசிந்தா கடை திறக்கவில்லை, கோயிலுக்குப் போயிருந்தாள். உள்ளே ஜெட் என்று ஒரு பித்தளைச் சாமான் இருக்கிறது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. நடுவில் ஊசிமுனை அளவு துவாரம். அது கை நழுவிச் சரளையில் விழுந்துவிட்டது. எல்லாம் ஒரே நிறம். குனிந்து தேடுகிறேன். மணி ஏழரை. திண்டுக்கல் பஸ் வருகிறது.

“பஸ் வருதுங்க. நான் ஏறிப் போயிடறேன். நீங்க சரி பண்ணிட்டுப் பின்னால வாங்க.”

“அஞ்சே நிமிஷம். கிடைச்சிரும்.”

“லேட்டாயிருச்சுங்க.”

“நின்னு ஏறி, அங்க இறங்கி ஆஸ்பத்திரிக்கு யாரு உன்னை நடத்திக் கூட்டிட்டுப் போவா? அஞ்சு நிமிஷம்னு சொல்றேன்ல?”

பஸ் நின்றது. டிரைவர் எனக்குப் பழக்கமான ஆள்தான். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “ஏறலையா?” என்றான். இவள் என்னைப் பார்த்தாள். நான் கண்டக்டரிடம் கையைக் காட்டி பஸ்ஸைப் போகச் சொன்னேன்.

நான்தான் கையைக் காட்டினேன். ஆமாம்.

ஜெட் கிடைத்துவிட்டது தம்பி. அதையும் சொல்ல வேண்டும். அந்தச் சரளையில் வேறு எவனும் எடுத்திருக்க மாட்டான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அவ்வளவுதான். மாட்டி உதைத்துப் போய்ச் சேரும்போது மணி பத்து.

டயாலிசிஸ் ரூம் சிஸ்டர் நல்ல பெண். சத்தம் போடவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். “அய்யா, ஒரு மணி நேரம்தான் இருக்கு. அடுத்தவங்க வெளியில உக்காந்திருக்காங்க, அவங்களும் உங்கள மாதிரிதான். இன்னைக்கு இருக்கிற நேரத்துக்கு ஓட்டுறேன். அம்மா, தண்ணி குடிக்காதீங்க. மூச்சு முட்டுனா உடனே கேஷுவாலிட்டிக்கு வந்துருங்க.”

திங்கட்கிழமை விடியற்காலை மூச்சு முட்டியது. நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்றார்கள். பாலகுருதான் காரைக் கொண்டுவந்தான். என்னை ஒன்றும் கேட்கவில்லை. முன் சீட்டில் அவன் பை இருந்தது, அதை எடுக்கவுமில்லை. நான் பின்னால் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்பது நாள் ஆக்சிஜன். பிழைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் செவ்வாய். பாலகுரு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். இவள்தான், “வேணாம், அவரு கூடவே போயிக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். ஐந்தரைக்கே கிளம்பினோம்.

விலக்கில் நின்றது.

நான் அன்றைக்கு வேறு வேலை செய்தேன். ப்ளக்கில் எண்ணெய் ஏறியிருந்தால் துடைத்தால் போகாது, நெருப்பில் சுட வேண்டும். பழைய ஆட்களுக்குத்தான் தெரியும். சீட்டைத் தூக்கியது தூக்கியபடி கிடக்க, ப்ளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போனேன். அடுப்பில் இடுக்கியால் பிடித்துச் செக்கச்செவேல் என்று காய்ச்சினேன். டீ மாஸ்டர், “பெருசு, இது என்ன புது பலகாரம்?” என்றான். பத்து நிமிஷம் இருக்கும். வந்து மாட்டி உதைத்தேன். பிடித்தது.

ஏழு கிலோமீட்டர் தாண்டியது. எட்டு. ஒன்பது. நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆறு நாற்பது. திரும்பி வரும்போதும் நிற்கவில்லை. வியாழன் நிற்கவில்லை. சனி நிற்கவில்லை.

“பாத்தியா?”

“பாத்தேங்க.”

“முப்பத்திரண்டு வருஷம் ஷெட்டு.”

“ஆமாங்க.”

ஊர் முழுக்கச் சொன்னேன். சொல்லத்தானே வேண்டும்? மூன்று மாதம் சிரித்த பயல்கள். ப்ளக்கைச் சுட்டேன், சரியாகிவிட்டது என்றேன். இரண்டு பேர் அவர்கள் வண்டி ப்ளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து, “பெரியப்பா, இதையும் சுட்டுக் குடுங்க” என்றான்கள். சுட்டுக் கொடுத்தேன். அந்தப் பங்க் ஆளிடம் மட்டும் போய் எதுவும் சொல்லவில்லை.

பதினோரு வாரம். ஒரு நாள் தவறவில்லை. சிஸ்டர் சொல்வாள், “இப்பல்லாம் அம்மாதான் மொத ஆளு.” நாலு மணி நேரமும் முழுசாக ஓடியது.

ஒன்று மட்டும். இவள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் பின்னால் உட்காருவாள். தூசி என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் மரத்தடிக்குப் போய் வாந்தி எடுப்பாள். வாரத்தில் மூன்று நாளும். “வெறும் வயித்தோட வந்தா இப்படித்தான். ரெண்டு இட்லி தின்னுட்டு வான்னா கேக்கிறியா?” என்று கத்துவேன். “ஆமாங்க” என்பாள். வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஆனியில் போய்விட்டாள். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் வருகிற திங்கள். குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். அவ்வளவுதான். டாக்டர், முன்னால் நேரம் குறைந்த நாட்களிலேயே இருதயம் பலவீனப்பட்டுவிட்டது என்றார். டாக்டருக்கு என்ன, சொல்லுவார். கடைசிப் பதினோரு வாரமும் நான் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டேனா இல்லையா? அதை எழுதி வைத்திருப்பார்களே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, காற்றுப் பிடிக்க ஜெசிந்தா கடைக்குப் போனேன். அவள் ஹோஸைக் கையில் எடுத்தாள். அப்புறம் கேட்டாள்.

“அண்ணே, அந்த ஓட்ட மறுபடி அடச்சுக்கிருச்சா, இல்ல அப்படியே இருக்கா?”

“எந்த ஓட்டை?”

“டேங்க் மூடியில. அக்கா ஊக்கப் போட்டுக் குத்துனாகளே.”

நான் இடது காதைக் காட்டி மறுபடி சொல்லச் சொன்னேன்.

“நீங்க அன்னைக்கு டீக்கடைக்கு ப்ளக்கத் தூக்கிட்டுப் போனீகள்ல? அப்ப அக்கா என்னயக் கூப்பிட்டாக. ‘அவரு திறக்கும்போது காத்து உள்ள போற சத்தம் வருது ஜெசிந்தா, அவருக்குக் காது கேக்காது, நீ பாரு’ன்னாக. நான் மூடியத் திருப்பிப் பாத்தேன். அந்தச் சின்ன ஓட்டையில சோப்பு அடச்சிருந்துச்சு. காத்துப் போக வழியில்ல, பெட்ரோல் எப்படி எறங்கும்னேன். அக்கா தாலிக்கொடியில கெடந்த ஊக்கக் கழத்தி, குத்தி, நல்லாத் திருகி விட்டாக. நான் சொன்னேன், அண்ணே வரட்டும் சொல்லுவோம்னு. ‘வேணாம், ப்ளக்கச் சுட்டுட்டு வராரு, அதுல சரியாப் போச்சுன்னு இருக்கட்டும்’னாக.”

நான் சீட்டைத் தூக்கி மூடியைப் பார்த்தேன்.

“நாத்தம் குடலப் புரட்டுமேக்கா, அதுக்கு மேலதான உக்காரணும்னேன். ‘ரோட்டுல நிக்கிறதுக்கு இது தேவல’ன்னாக.”

தம்பி, பஸ் டேங்க் மூடியிலும் அப்படி ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், சீக்கிரமே நின்றுவிடும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்துவிடும், மறுபடி ஓடும். நான் திறந்து பார்த்ததால்தான் ஒவ்வொரு தடவையும் ஓடியது. ஆட்டினதால் இல்லை. ப்ளக்கைத் துடைத்ததால் இல்லை. ஷெட்டில் சேர்ந்த முதல் வருஷமே எனக்குத் தெரிந்த சங்கதி இது. தெரியாததாக இருந்தால்கூடப் பரவாயில்லை.

சோப்பை அடைத்தது யார் என்று பார்க்கிறீர்களா? நான்தான். முதல் வாரம் போய்விட்டு வந்தபோது, பின்னால் உட்கார்ந்து ஓங்கரித்தாள். பெட்ரோல் வாடை சேரலைங்க என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் துணிசோப்பை எடுத்து அந்த ஓட்டையில் கட்டைவிரலால் தேய்த்து அடைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்? அடைத்தேன், மறந்தேன்.

கார்பரேட்டரும் அழுக்காகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் காற்றுப் பிடிக்காமலே வந்துவிட்டேன். இரண்டு மாதமாக வண்டியை எடுக்கவில்லை. ஓடாததால் இல்லை. நன்றாக ஓடும். இப்போது நீங்கள் உதைத்துப் பாருங்கள், எங்கே வேண்டுமானாலும் ஓட்டிப் பாருங்கள், நிற்காது. மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டை கொஞ்சம் கோணலாக இருக்கும். பின்னால் உட்காருகிறவர்களுக்கு வாடை வரும். அடைத்துவிடாதீர்கள்.

ஊருக்குள் விசாரித்தால் ப்ளக்கைச் சுட்டுக் கிழவன் சரி பண்ணினான் என்பார்கள். நான் சொல்லி வைத்ததுதான் அது. மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் வெளியூர், உங்களிடம் சொல்லலாம். நானும் இல்லை, ஜெசிந்தாவும் இல்லை. நாற்பத்தொரு வருஷத்தில் அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இந்தா” என்பேன், “ஏய்” என்பேன், வந்துவிடுவாள். வண்டியைச் சரி பண்ணினது அவள்தான். தவமணி.